92 மார்க்கும் 70 நிமிடமும்: சுற்றுலாத் தொழிற்கல்வியில் நான் மாற்றிக்கொண்டவை

ஓட்டல் வேலையில் 14 வருடம் இருந்துவிட்டுப் பயிற்சியாளராகப் போனவள் நான். அறை சுத்தம் செய்வதில் தொடங்கி, மாடி சூப்பர்வைசராகி, கடைசி சில வருடம் வரவேற்பிலும் நின்றிருக்கிறேன். ஒரு சுற்றுலாத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஹவுஸ்கீப்பிங்கும் (அறைப் பராமரிப்பு) ஃப்ரண்ட் ஆபீஸும் (வரவேற்பு மேசை வேலை) சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். தெரிந்த வேலைதானே என்று சரி சொன்னேன். ஒரு வேலையைச் செய்யத் தெரிவது வேறு, அதை இன்னொருவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

புரியவைத்தது ஒரு போன். எங்கள் மாணவி ஒருத்தி பயிற்சிக்குப் போயிருந்த ஓட்டலிலிருந்து சூப்பர்வைசர் பேசினார். "மேடம், பொண்ணு தங்கமான பொண்ணு. சொன்ன பேச்சு கேக்குறா. ஆனா ஒரு ரூமுக்கு 70 நிமிஷம் எடுக்குறா. நான் என்ன செய்யட்டும்?"

அந்த மாணவிக்கு நான்தான் 92 மார்க் போட்டிருந்தேன். கெஸ்ட் காலி செய்த அறையைத் தயார் செய்யும் படிகளை ஒன்று விடாமல் வரிசையாக எழுதியிருந்தாள். கையெழுத்துகூட அழகு. பழகிய கை என்றால் அப்படிப்பட்ட அறை அரை மணியில் முடியும், மோசமான அறை என்றாலும் முக்கால் மணிக்குள் வெளியே வந்துவிடலாம். ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு, பதினைந்து அறை ஒருவர் தலையில் விழும் தொழில் இது. 70 நிமிடம் எடுக்கிற ஆளை எந்த ஓட்டலும் வைத்துக்கொள்ளாது.

மறுநாள் நேரில் போய் அவள் வேலை செய்வதை ஓரமாக நின்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் பெட்ஷீட்டை விரித்துவிட்டுத் தலைமாட்டுக்குப் போனாள், கால்மாட்டுக்கு வந்தாள், மறுபடி தலைமாட்டுக்குப் போனாள். ஒரு கட்டிலை நான்கு முறை சுற்றினாள். மூலையை மடித்தால் நழுவியது. திரும்ப மடித்தாள். துண்டுக்காக ஒரு முறை டிராலிக்குப் போனாள், சோப்புக்கு ஒரு முறை, தலையணை உறைக்கு ஒரு முறை. குளியலறையில் கிருமிநாசினியைத் தெளித்துவிட்டு, அது வேலை செய்ய வேண்டிய நிமிடங்கள் முழுக்க அங்கேயே நின்று காத்திருந்தாள். அந்த நேரத்தில் கட்டிலை முடிக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை அது சொல்லவேண்டிய விஷயமாகவே இருந்ததில்லை. 14 வருடத்தில் அது என் உடம்புக்குள் போய்விட்டிருந்தது.

நான் அளந்தது அவள் நினைவாற்றலை. ஓட்டலுக்கு வேண்டியிருந்தது அவள் கை. சுற்றுலாத் தொழிற்கல்வியின் தரத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டடம், ஆய்வகம், பாடத்திட்டம் என்று எல்லாம் பேசுவார்கள். தேர்வில் எதை அளக்கிறோம் என்ற கேள்விக்கு யாரும் வரமாட்டார்கள். எதை அளக்கிறோமோ அதைத்தான் மாணவர்கள் படிக்கிறார்கள், அதைத்தான் ஆசிரியர்களும் நடத்துகிறோம். அந்தப் போனுக்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

முதலில் சொல்லிக்கொடுக்கும் முறை. அதுவரை முப்பது பேருக்கு ஒரு கட்டில் இருந்தது. நான் ஒரு முறை செய்துகாட்டுவேன். முன்னால் நிற்கிற நான்கு பேருக்கு என் கை தெரியும், மற்றவர்களுக்கு அந்த நான்கு பேரின் முதுகு தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்" என்று முப்பது குரலும் வரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு அவசரமாக ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தபோது, 1940 முதல் 1945 வரை ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. அதில் வேலை கற்றுக்கொடுக்க நான்கு படி வைத்தார்கள். கற்பவரைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு தொடர்ந்து கவனி. ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம் என்பது அவர்களின் வாசகம். ஓட்டல் கட்டிலுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அதன் 'சூட்சுமம்' என்ன என்று எழுதுவது. படி என்பது என்ன செய்வது. சூட்சுமம் என்பது எதில் வேலை கெடும், எதில் அடிபடும், எப்படிச் செய்தால் சுலபம் என்பது.

பெட்ஷீட் மூலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்மாட்டு விளிம்பை முதலில் மெத்தைக்கு அடியில் செருகுகிறோம். பக்கவாட்டில் தொங்கும் துணியை, மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கி, மெத்தைமேல் முக்கோணமாகப் போடுகிறோம். கீழே தொங்கும் மிச்சத்தைச் செருகுகிறோம். அப்புறம் முக்கோணத்தை இறக்கிச் செருகுகிறோம். இவை படிகள். என் மாணவி இதையெல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அவளிடம் இல்லாதது சூட்சுமம். முக்கோணத்தை இறக்கும்போது இன்னொரு உள்ளங்கையை மெத்தையின் விளிம்பில் அழுத்தி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு நழுவும். மெத்தையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்க வேண்டும். இல்லாவிட்டால் முப்பத்தைந்து வயதில் இடுப்பு போய்விடும். ஒரு பக்கத்தைத் தலை முதல் கால் வரை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போக வேண்டும். அப்படிச் செய்தால் கட்டிலைச் சுற்றுவது ஒரே ஒரு முறைதான்.

இப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் தயாரித்தோம். நான் செய்துகாட்டுவேன். அடுத்து மாணவர் வாய் திறக்காமல் செய்வார். அப்புறம் சூட்சுமங்களைச் சொல்லிக்கொண்டே ஒரு முறை செய்வார். மூன்றாவதாகப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கட்டில் ஐந்தாக வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். பழைய கட்டில்கள்தான், ஓட்டல்கள் கழித்துப் போட்டவை. ஒரு கட்டிலுக்கு ஆறு பேர். மூன்றே வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்தது தேர்வு. எழுத்துத் தேர்வை முழுதாக எடுக்கவில்லை. அதன் பங்கைக் குறைத்தோம். செய்முறைக்கு ஓர் அறையை நாங்களே கலைத்து வைக்கிறோம். அதில் வேண்டுமென்றே சில குறைகளை ஒளித்து வைக்கிறோம். எரியாத படுக்கை விளக்கு, குளியலறை வடிகட்டியில் ஒரு முடி, ரிமோட்டில் பேட்டரி இல்லை, கட்டிலுக்கு அடியில் ஒரு காதணி, மெத்தைக் காப்புத் துணிக்குக் கீழே ஈரம். 45 நிமிடம். கெஸ்ட் விட்டுப்போன காதணியை என்ன செய்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே எழுதுகிறார் என்பதற்குத் தனி மார்க்.

சில தவறுகளுக்கு மார்க் கழிப்பதில்லை, தேர்வையே அங்கே நிறுத்திவிடுவோம். கதவைத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்காமல் நுழைவது. கழிவறை துடைத்த துணியால் தண்ணீர் டம்ளரைத் துடைப்பது. ப்ளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைக் கிளீனரையும் ஒன்றாக ஊற்றுவது. கடைசியில் சொன்னதில் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு கிளீனர் பாட்டிலின் லேபிளையும் படிக்க வைக்காமல் ஒரு பிள்ளையையும் நான் இனி வெளியே அனுப்பமாட்டேன்.

தேர்வு வைப்பவர் எங்கள் ஆசிரியராக இருக்கக்கூடாது என்றும் முடிவு செய்தோம். தன் மாணவருக்குத் தானே மார்க் போடும்போது கை தாராளமாகிவிடும். நானே அதற்குச் சாட்சி. ஜெர்மனியில் ஓட்டல் தொழிலுக்கு மூன்று வருடப் பயிற்சி உண்டு. வேலையிடமும் தொழிற்பள்ளியும் மாறி மாறி வரும். இறுதித் தேர்வைத் தொழில் வர்த்தகச் சபை நடத்துகிறது. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் மூவரும் இருப்பார்கள். எங்களால் அவ்வளவு பெரிய ஏற்பாடு செய்ய முடியாது. சுற்றியிருக்கும் ஓட்டல்களிலிருந்து இரண்டு சூப்பர்வைசர்களை அழைத்தோம், அவ்வளவுதான். முதல் முறை பாதிக்கு மேல் தேறவில்லை. நிர்வாகத்தில் கோபப்பட்டார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்தால் சேர்க்கை குறையும் என்ற அவர்கள் பயம் நியாயமானதுதான். இரண்டு வாரம் கழித்து மறுதேர்வு வைக்கிறேன், அதுவரை தினமும் மாலை பயிற்சி தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். மறுதேர்வில் பெரும்பாலோர் தேறினார்கள். அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் கற்றது முந்தைய நான்கு மாதத்தைவிட அதிகம்.

வரவேற்பு மேசைப் பயிற்சி இதைவிடக் கடினமாக இருந்தது. அறைக்காவது ஒரு வரிசை உண்டு. மனிதர்களுக்கு எங்கே வரிசை? முன்பதிவு செய்தவர்களில் சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில் ஓட்டல்கள் இருக்கிற அறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பதிவு வாங்கும். எல்லோரும் வந்துவிட்ட ராத்திரியில், கடைசியாக வந்தவரை வேறு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டிவரும். வரவேற்பில் நிற்பவருக்கு அதைவிடச் சங்கடமான வேளை கிடையாது. அதை வகுப்பில் நடித்துப் பார்த்தோம். நான் கெஸ்ட். பத்தொன்பது வயதுப் பையன் மேசைக்குப் பின்னால். ஒரே நிமிடத்தில் நான்கு முறை மன்னிப்புக் கேட்டான். நான்கு முறையும் கண் கம்ப்யூட்டர் திரையில்தான் இருந்தது. மனப்பாடம் செய்த வாக்கியம் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று அவன் கேட்கவே இல்லை.

இரண்டாம் முறை அவனிடம் ஒரே ஒரு விதி சொன்னேன். கெஸ்ட் பேசி முடித்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு வாயைத் திற. அவன் எண்ணினான். எண்ணும்போது வேறு வழியில்லாமல் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசையைச் சுற்றி வெளியே வந்து என் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "உட்காருங்க, ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. பக்கத்து ஓட்டல்ல ரூம் இருக்கான்னு நானே பேசி, வண்டியும் ஏற்பாடு பண்றேன்" என்றான். அந்த வாக்கியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவனாகச் சொன்னது.

அதற்குப் பிறகு ஆசிரியர்கள் கெஸ்டாக நடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். எங்கள் தந்திரங்கள் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. வெளியாட்களை அழைக்கிறோம். காது சரியாகக் கேட்காத பெரியவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருக்கும் தாய், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர். சக்கர நாற்காலிக்காரர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் சொல்லியிருக்க முடியாது. நாற்காலியைக் கேட்காமல் தொடாதே, கூட வந்தவரிடம் பேசாமல் என்னிடம் பேசு, என் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசு, குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து தெரிந்து வைத்துக்கொள். அறை எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நான் விடாமல் சொல்வேன். தனியாகத் தங்க வருபவரின் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி என் பாடம் இல்லை. பக்கத்து வகுப்பு. ஆனால் அங்கேயும் இதே கதைதான். வரலாறும் ஆண்டுகளும் மணிமணியாக ஒப்பிக்கும் பிள்ளைகள், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். கடைசி ஆள் வந்து சேரும் முன்பே பேச்சைத் தொடங்கினார்கள். பயணிகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். வெயில் வழிகாட்டியின் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டால் கேட்பவர்களுக்கு முதுகில்தான் விழும். இதைத் தொழிலில் இருந்த ஒரு வழிகாட்டி வந்து காட்டிய பிறகுதான் அந்த வகுப்பும் வகுப்பறையைவிட்டு வெளியே போகத் தொடங்கியது.

வெளியாட்களை அழைத்தால் போதாது, ஆசிரியர்களும் திரும்பப் போக வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விடுமுறை. பயிற்சியாளராகி ஐந்தாம் வருடம், மூன்று வாரம் ஓர் ஓட்டலில் சாதாரண ஊழியராக வேலை செய்தேன். நான் நடத்திக்கொண்டிருந்த காகிதப் பதிவேடு அங்கே இல்லை. அறை தயாரா என்பது கைப்பேசிச் செயலியில் மாறிக்கொண்டே இருந்தது. குட்டி ஷாம்பூ பாட்டில்களுக்குப் பதிலாகச் சுவரில் பெரிய டிஸ்பென்சர். கெஸ்ட்கள் வரவேற்புக்கு போன் செய்யாமல் மெசேஜ் அனுப்பினார்கள். அதற்கு இரண்டு வரியில், பிழையில்லாமல், மரியாதையாகப் பதில் எழுத வேண்டும். அதை நாங்கள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இப்போது ஆசிரியர் ஒவ்வொருவரும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது வேலையிடத்துக்கே போய் வேலை செய்துவிட்டு வருவது என்று வைத்திருக்கிறோம். முதலில் சிலருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. போய்வந்தபின் அவர்களே பாடத்தை மாற்றி எழுதினார்கள்.

இனி, என்னை மிகவும் வருத்திய விஷயம். ஓட்டல் பயிற்சிக்கு அனுப்பிய மாணவர்களின் லாக் புக்கை, அதாவது தினமும் ஓட்டலில் கையெழுத்து வாங்க வேண்டிய பதிவேட்டை, ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தேன். 90 நாளுக்கு 90 கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. கடைசி நாளில் ஒரே மூச்சில் போட்டது. விசாரித்தால், ஒரு பையன் மூன்று மாதமும் லாண்டரியில் துணி மட்டும் மடித்திருக்கிறான். வேறு பிரிவின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு எங்கள் பிள்ளைகள் ஊறுகாய் மாதிரி பயன்பட்டிருக்கிறார்கள். நாங்களும் இடம் கிடைத்தால் போதும் என்று அனுப்பியிருக்கிறோம்.

உலகின் முதல் ஓட்டல் பள்ளி 1893-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடங்கியபோது ஓர் ஓட்டலுக்குள்ளேயே தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-ல் ஓட்டல் படிப்பு வந்தது. 1926 முதல் அங்கே மாணவர்கள் தாங்களே ஓட்டல் நடத்திக் காட்டும் நிகழ்வு நடந்துவருகிறது. வேலையிடம்தான் இந்தப் படிப்பின் பாதி வகுப்பறை என்பது ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம். பாதி வகுப்பறையை யாரும் கவனிக்காமல் விட்டால் படிப்பும் பாதியாகத்தான் இருக்கும்.

ஓட்டல்களுடன் ஒரே பக்கத்தில் அடங்கும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். எத்தனை வாரம் எந்தப் பிரிவு, மாணவருக்குப் பொறுப்பான ஊழியர் யார், இரவு ஷிஃப்ட் எத்தனை, எந்த வேலையைத் தனியாகச் செய்யவிடக்கூடாது, அவ்வளவுதான். பொறுப்பாளரை ஒரு நாள் எங்கள் நிலையத்துக்கு வரவழைத்து, அந்த நான்கு படி முறையை அவருக்கும் சொல்லிக்கொடுத்தோம். ஜெர்மனியில் வேலையிடத்தில் பழக்குபவரும் அதற்கான தகுதியை நிரூபிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது, அந்த ஒரு நாளே நிறைய மாற்றியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பார். ஒப்புக்கொள்ளாத ஓட்டல்களை விட்டுவிட்டோம். பட்டியல் பாதியாகக் குறைந்தது. ஒரே ஓட்டலுக்கு அதிகம் பேரை அனுப்ப வேண்டிவந்ததால் கால அட்டவணை போடுவது இன்றைக்கும் தலைவலிதான். ஆனால் லாக் புக்கில் இப்போது பேனா மாறுகிறது.

பாடத்திட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-களின் இறுதியில் கனடாவில் உருவான ஒரு முறை உண்டு. நன்றாக வேலை செய்யும் ஊழியர்கள் சிலரை இரண்டு நாள் உட்காரவைத்து, அன்றாடம் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டுச் சுவர் முழுக்க அட்டை ஒட்டி, அதிலிருந்து பாடத்தை எடுப்பது. செலவு குறைவு, பலன் அதிகம். மேலாளர்களை மட்டும் அழைத்துவிடாதீர்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டில் சுற்றுலாத் துறையின் 32 பணிகளுக்குத் தேவையான திறன்களை வகுத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் பெற்ற தகுதி இன்னொரு நாட்டில் செல்ல வேண்டும் என்பதற்காக. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். மொழிப் பயிற்சியையும் வேலையோடு சேர்த்துவிடுங்கள். இலக்கணப் புத்தகத்துக்கு முன்னால், அறைக்கதவில் பேச வேண்டிய நாற்பது வாக்கியம் வாயில் வரட்டும்.

கடைசியாக ஒன்று. 2020-ல் உலகம் முழுக்கச் சர்வதேசப் பயணிகள் வருகை முந்தைய வருடத்தைவிட 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. வேலை இழந்த அனுபவசாலிகளில் நிறையப் பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. முன்பெல்லாம் புதிதாகச் சேருகிறவருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கை இருக்கும். நாங்கள் விட்டதை அவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். இப்போது அந்த ஆள் பல இடத்தில் இல்லை. அதனால் படித்து முடித்தவர்களை ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறோம். வேலையில் இருக்கிறாயா, எங்கே, எவ்வளவு காலம் என்று குறித்துக்கொள்கிறோம். அப்புறம் ஒரு கேள்வி: "முதல் வாரத்துல எது தெரியாம முழிச்ச?"

போன மாதம் ஒரு பெண் சொன்னாள்: "மிஸ், ராத்திரி மூணு மணிக்கு வரவேற்புல நான் மட்டும்தான் இருந்தேன். மேல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு போன் வந்துச்சு. யாரை முதல்ல கூப்பிடணும்னு தெரியல. டாக்டரையா, மேனேஜரையா, ஆம்புலன்ஸையா? ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்." கெஸ்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் எங்கள் வகுப்பில் விட்டுப்போனது. நாங்கள் இதுவரை எல்லாப் பயிற்சியையும் பகலில்தான் வைத்திருக்கிறோம். அடுத்த பேட்ச்சுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒரு முழு ஷிஃப்ட் வைக்கிறோம். வரவேற்பு மேசையில் ஒருவர் மட்டும் இருப்பார். மேல் மாடியிலிருந்து போன் செய்யப்போவது நான்.